கழுத்து மடங்கவில்லை என்றால் கையைக் கவனியுங்கள்

வாசகர் கடிதம்: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 57 வயது. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாகக் கழுத்து இறுகிக்கொண்டே வருகிறது. பக்கவாட்டில் ஓரளவு திரும்புகிறது, ஆனால் மேலே நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தண்ணீரை அண்ணாந்து குடிக்க வராமல் சொம்பை வாயில் வைத்துத்தான் குடிக்கிறேன். வலி பெரிதாக இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்ததில் ‘சி3 முதல் சி6 வரை கலப்பு வகை ஓபிஎல்எல், கால்வாயின் மிகக் குறுகிய இடம் 8 மி.மீ.’ என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் பிசியோதெரபி போதும் என்கிறார். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள், செலவை நினைத்துத் தள்ளிப்போட்டுவிட்டேன். பக்கத்து ஊரில் சுளுக்கு வழிக்கிறவர் இரண்டே நாளில் சரிசெய்துவிடுவார் என்று என் மச்சான் கூப்பிடுகிறார். எலும்பு கூடுதலாக வளர்ந்திருப்பதால் பால், பிரண்டை எல்லாம் நிறுத்திவிட்டேன். கழுத்து பழையபடி மடங்குமா? குனிந்தே தைத்ததால் வந்ததா? பிள்ளைகளுக்கும் வருமா? கண்ணும் மங்கிவிட்டது போலிருக்கிறது, ஊசியில் நூல் கோக்கவே நேரமாகிறது. கால் மரத்துப்போவது சர்க்கரையால்தான் என்று விட்டுவிட்டேன்.

அன்புள்ள ஐயா,

கழுத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நூல் கோக்க நேரமாகிறது, கால் மரத்துப்போகிறது. உங்கள் கடிதத்தில் என்னை உடனே பேனா எடுக்க வைத்தவை அந்த இரண்டு வரிகள்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நூல் கோக்கும்போது ஊசியின் காது தெரியவில்லையா, அல்லது காது நன்றாகத் தெரிந்தும் நூல் நுனியைப் பிடித்து நிறுத்த விரல்கள் ஒத்துழைக்கவில்லையா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். பட்டன் வைத்துத் தைப்பது, காஜா எடுப்பது, துணியில் சாக்கட்டியால் நேர்கோடு போடுவது, இவை போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கின்றனவா? கடையில் கூட வேலை பார்ப்பவர் இருந்தால் அவரைக் கேளுங்கள். நமக்குத் தெரிவதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்து பார்க்கலாம். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு கையை இறுக மூடி, விரல்கள் முழுதாக நீளும்படி விரியுங்கள். மறுபடி மூடுங்கள், விரியுங்கள். பத்து நொடியில் எத்தனை தடவை முடிகிறது என்று எண்ணுங்கள். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, கைகாலுக்கு நரம்புகளைப் பிரித்தனுப்பும் தண்டுவடம் நன்றாக இருப்பவர்கள் 20 தடவைக்கு மேல் செய்துவிடுவார்கள். அதற்குக் குறைந்தால், அல்லது விரிக்கும்போது மணிக்கட்டு தானாக மடங்கிக்கொண்டால் கவனிக்க வேண்டும். அடுத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்களை ஒட்டவைத்து ஒரு நிமிஷம் பிடியுங்கள். சுண்டுவிரல் மெல்ல விலகிப் பிரிந்து போகிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைகள் டாக்டரின் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனால் எவ்வளவு அவசரம் என்பதை உங்களுக்குச் சொல்லிவிடும்.

கால் மரத்துப்போவதையும் ‘சர்க்கரைதான்’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு வழக்கமாகப் பாதத்தில் ஆரம்பித்து, மெதுவாக முழங்காலை நோக்கி ஏறும். கைக்கு வருவது அதற்குப் பிறகுதான். காலும் கையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கெடுகின்றன என்றால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதைப் பிரித்தறிய ஒரு சின்ன ரப்பர் சுத்தியல் போதும். சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் கணுக்காலில் தட்டும்போது கால் துள்ளுவது குறைந்துபோகும். தண்டுவடம் அழுந்தியிருந்தால் முழங்காலிலும் கணுக்காலிலும் அளவுக்கு மீறித் துள்ளும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், அப்போதுதான் பலருக்கும் கண்டுபிடிப்பு தாமதமாகிறது. நடக்கும்போது செருப்பு காலை விட்டு நழுவுவது தெரியாமல் போகிறதா, இருட்டில் தடுமாறுகிறதா, குனிந்தால் முதுகுத்தண்டு வழியாக மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓர் உணர்ச்சி வருகிறதா, சிறுநீர் கழிக்க நின்றால் வருவதற்கு நேரமாகிறதா என்பதையும் கவனித்து வையுங்கள்.

இனி கழுத்துக்கு வருகிறேன். முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கும் நார்ப்பட்டைகளை லிகமென்ட் என்கிறோம். அவற்றில் ஒன்று, முள்ளெலும்புகளின் பின்புறத்தை ஒட்டி, தண்டுவடத்துக்கு நேர் முன்னால், கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை இறங்குகிறது. வளைந்துகொடுக்க வேண்டிய அந்த நார் மெல்ல மெல்ல எலும்பாக மாறித் தடிப்பதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ஓபிஎல்எல். சி3 முதல் சி6 வரை என்றால் கழுத்தின் மூன்றாம் முள்ளெலும்பிலிருந்து ஆறாவது வரை. கால்வாய் என்பது முள்ளெலும்புகளுக்குள் தண்டுவடம் இறங்கும் குழாய். சாதாரணத் தேய்மானத்தில் வளரும் எலும்பு முனைகள் வேறு, இது வேறு. ஜப்பானில் 1960-இல் ட்சுகிமோட்டோ என்பவர் பிரேதப் பரிசோதனையில் இதைக் கண்டு எழுதிய பிறகு அந்நாட்டில் இது தீவிரமாக ஆராயப்பட்டது. அங்கே நூறு பேரில் இரண்டிலிருந்து நான்கு பேருக்கு இது இருக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம், பெரும்பாலும் 50 வயதுக்கு மேல்தான் வெளிப்படுகிறது. பல பேர் இது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பக்கவாட்டில் திரும்ப முடிகிறது, அண்ணாந்து பார்க்கத்தான் முடியவில்லை என்று சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. தலையை இடமும் வலமும் திருப்புவதில் கிட்டத்தட்டப் பாதி, மேலே இருக்கும் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் நடக்கிறது. இந்த நோய் அந்த இடத்தைத் தொடுவது அரிது. அது பிடித்துக்கொள்வது நான்கு, ஐந்து, ஆறாம் எலும்புப் பகுதியை. குனிவதும் நிமிர்வதும் அதிகமாக நடக்கிற இடம் அதுதான். இப்படிப்பட்டவர்களிடம் ‘மேலே ஃபேனைப் பாருங்கள்’ என்று சொன்னால் கழுத்து நகராது. இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் பின்னால் சாயும், கண்கள் மட்டும் மேலே போகும். நாற்காலியில் அவர் எப்படிச் சாய்கிறார் என்பதைப் பார்த்தே எந்த மட்டத்தில் இறுகியிருக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

இந்த இறுக்கத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், முதலில் கேட்கும்போது முரணாகத் தோன்றும். கழுத்து மடங்காதது உங்களுக்குத் தொந்தரவு, சந்தேகமில்லை. ஆனால் தண்டுவடத்துக்கு ஆபத்து, மடங்காத இடத்தைவிட இன்னும் மடங்கிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்தே அதிகம். எலும்பான நார் ஒரே தொடராக ஓடினால் அந்தப் பகுதி அசைவே இல்லாமல் நின்றுவிடும். அங்கே தண்டுவடத்துக்கு இடம் குறைந்திருந்தாலும் தினமும் உரசல் இல்லை. உங்களுக்கு இருப்பது கலப்பு வகை. சில இடத்தில் தொடராகவும் சில இடத்தில் துண்டு துண்டாகவும் எலும்பாகியிருக்கிறது. இறுகிய எலும்புகள் விட்டுக்கொடுத்த அசைவு முழுவதும், துண்டுகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கிற இணைப்பில் வந்து சேர்கிறது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம்தானே பலவீனமாகும், அதுபோல. அந்த இணைப்பு மடங்கும் ஒவ்வொரு தடவையும், முன்னால் இருக்கும் எலும்பு முகட்டின் மேல் தண்டுவடம் அழுந்துகிறது.

ஜப்பானின் ககோஷிமாவில் மருத்துவர் மட்சுனாகாவும் அவர் குழுவினரும் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தண்டுவடத்துக்கு மிஞ்சிய இடம் 6 மி.மீட்டருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோருக்கும் பாதிப்பு இருந்தது. 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு இல்லை. நடுவில் இருந்தவர்களில் யாருக்குப் பாதிப்பு வந்தது என்று பார்த்தால், கழுத்தில் அசைவு அதிகம் மிஞ்சியிருந்தவர்களுக்கு. முதலில் பாதிப்பு எதுவும் இல்லாதிருந்தவர்களில், சராசரியாகப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் பார்த்தும், சுமார் 17 சதவீதம் பேருக்கே பின்னால் வந்தது. உங்கள் கால்வாய் 8 மி.மீ. சாதாரணமாக அந்த இடத்தில் 17 மி.மீ. அளவு இருக்கும், தண்டுவடத்தின் தடிமனே 7, 8 மி.மீ. வரும். ஆக, உங்களுக்கு இடம் கொஞ்சமும் மிச்சமில்லை. நடுப்பட்டியலிலும் ஆபத்தான ஓரத்தில் இருக்கிறீர்கள்.

அதனால் மச்சான் சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் கூப்பிடுகிறார். ஆனால் இது சுளுக்கு இல்லை. எலும்பாகிவிட்ட நாரை வழித்துவிட்டோ திருப்பிவிட்டோ மறுபடி நாராக்க முடியாது. பலம் கொடுத்துத் திருப்பினால் அந்தப் பலம் முழுவதும் மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு இணைப்பில்தான் இறங்கும். உள்ளே நடந்து போனவருக்குக் கைகால் விழுந்துவிடக்கூடிய நோய் இது. முடிதிருத்தும் கடையில் தலைக்கு மசாஜ் செய்துவிட்டு ‘டக்’கென்று நெட்டி எடுப்பார்களே, அதையும் முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிடுங்கள். கழுத்தைப் பின்னால் சாய்த்து ஷேவிங் செய்துகொள்வதும் வேண்டாம். நிமிரும்போது கால்வாயின் பின்பக்க நாரும் உள்ளே மடிந்து, இருக்கிற இடத்தை இன்னும் குறைக்கும். சொம்பை வாயில் வைத்துக் குடிக்கிறேன் என்று கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியே குடியுங்கள், அதுதான் உங்களுக்குச் சரி. பல் வைத்தியரிடம் போனாலும், வேறு எந்த ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதானாலும், கழுத்தில் ஓபிஎல்எல் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மயக்க மருந்து டாக்டர் மூச்சுக்குழாய் போடும்போது தலையைப் பின்னால் சாய்ப்பார்.

விழாமல் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். குளியலறையில் வழுக்கி முகம் அடிபட விழுந்த ஒருவர், எலும்பு முறிவு ஒன்றுமே இல்லாமல் இரண்டு கையும் தூக்க முடியாமல் வந்து சேர்வது எங்களுக்குப் பழக்கமான காட்சி. குறுகிய கால்வாயில் ஒரு திடீர் ஆட்டம் போதும். பாசி பிடித்த இடத்தைத் தேய்த்துவிடுங்கள், இரவில் விளக்கு போட்டு எழுந்திருங்கள். இப்போதைக்கு டூவீலர் ஓட்ட வேண்டாம், பின்னால் உட்காரவும் வேண்டாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி முன்சீட் பக்கம் உட்காருங்கள்.

பிசியோதெரபி போதும் என்று சொன்னவர் கழுத்தை நீட்டி இழுக்கும் சிகிச்சையைச் சொல்லியிருந்தால் அதைச் செய்ய வேண்டாம். எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வேண்டாம். தோள்பட்டைக்கும் மேல் முதுகுக்கும் பயிற்சி செய்யலாம். தலையை அசைக்காமல், உள்ளங்கையை நெற்றியில் வைத்து மெல்ல அழுத்தி எதிர்க்கும் பயிற்சியை நரம்புப் பரிசோதனை முடிந்த பிறகு ஆரம்பிக்கலாம். வலியில்லாமல் எவ்வளவு தூரம் திரும்புகிறதோ அவ்வளவுதான் திருப்ப வேண்டும். அதற்கு மேல் ‘இன்னும் கொஞ்சம்’ என்று தள்ளக் கூடாது.

ஆபரேஷன் பற்றிக் கேட்டீர்கள். அது கழுத்தை மடங்க வைப்பதற்கு அல்ல என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அசைவு இன்னும் குறையும். தண்டுவடத்துக்கு இடம் உண்டாக்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. கால்வாயின் பின்சுவரை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கத்தைக் கீல் மாதிரி வைத்துத் திறந்து நிறுத்தும் முறையை ஜப்பானின் ஹிராபயாஷி 1970-களில் கொண்டுவந்தார். தண்டுவடம் பின்னால் நகர்ந்து எலும்பிலிருந்து விலகிக்கொள்ளும். கழுத்தின் இயல்பான வளைவு இன்னும் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். வளைவு முன்பக்கமாகத் திரும்பிவிட்டாலோ, எலும்பு ரொம்பத் தடித்திருந்தாலோ முன்பக்கமாகப் போய் எடுக்க வேண்டியிருக்கும், அல்லது ஸ்க்ரூ போட்டு அந்த எலும்புகளைச் சேர்த்துவிட வேண்டியிருக்கும். முன்பக்க ஆபரேஷனில் தண்டுவடத்தின் உறையும் எலும்போடு ஒட்டியிருந்து கிழியும் ஆபத்து உண்டு. எந்த வழியானாலும் நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத் தோளைத் தூக்கும் பலம் தற்காலிகமாகக் குறையலாம், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும்.

அப்படியானால் இரண்டு டாக்டர்களில் யார் சொன்னது சரி? சி.டி. எலும்பைக் காட்டும், தண்டுவடம் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டாது. எம்.ஆர்.ஐ.-யும் நரம்புப் பரிசோதனையும் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. கை வேகம் குறையாமல், கால் அனிச்சைத் துள்ளல் சாதாரணமாக, எம்.ஆர்.ஐ.-யில் தண்டுவடத்துக்குள் பாதிப்பைக் காட்டும் வெள்ளைத் திட்டு இல்லாமல் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம். உங்கள் விரல்கள் உண்மையிலேயே தடுமாறுகின்றன என்றால் நான் ஆபரேஷன் பக்கம்தான் நிற்பேன். தண்டுவடம் நீண்ட நாள் நசுங்கிக் கிடந்துவிட்டு, பிறகு இடம் கொடுத்தாலும் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. நூல் பிடிக்கும் விரல்களை வைத்துப் பிழைக்கும் உங்களுக்குப் பொறுத்திருக்கக்கூடிய காலம் மற்றவர்களைவிடக் குறைவு.

காரணம் கேட்டீர்கள். குனிந்து தைத்ததால் கழுத்துத் தசை வலிக்கும், டிஸ்க் தேயும், ஆனால் நார் எலும்பாவதற்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. உடல் பருமனும் சர்க்கரையும் இதோடு சேர்ந்து வருகின்றன. அதனால் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பாருங்கள். ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால், ஆபரேஷன் தேவைப்பட்டாலும் புண் நன்றாக ஆறும்.

உங்கள் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு கேள்வி எழுந்தது. சின்ன வயதிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா குடித்தீர்கள்? பல்லில் பழுப்புக் கறை, குறுக்குக் கோடு இருக்கிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது, 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் அது எலும்பில் சேரும். அளவு கூடக்கூட, காலம் நீள நீள, எலும்பு அடர்த்தியாகி, லிகமென்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எலும்பாகும், முதுகும் இடுப்பும் சேர்ந்து இறுகும். இந்தியாவில் இதை 1937-இலேயே ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் கண்டு எழுதினார்கள். முன்கையை ஒரு எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது தெரிந்துவிடும். டாக்டரிடம் இதைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும்.

பாலையும் பிரண்டையையும் நிறுத்த வேண்டாம். சாப்பாட்டிலிருந்து வரும் கால்சியம் போய் இந்த நாரில் படிவதில்லை. நிறுத்தினால் கழுத்தில் இருக்கிற எலும்பு கரையாது, மற்ற எலும்புகள்தான் இளைக்கும். அதேபோல இதைக் கரைக்கிற மருந்து அலோபதியிலோ நாட்டு வைத்தியத்திலோ இல்லை. ‘எலும்பைக் கரைக்கும்’ என்று விற்கப்படும் எந்தச் சூரணத்துக்கும் காசு கொடுத்து ஏமாற வேண்டாம். மரத்துப்போதலுக்குத் தரும் பிரிகாபலின் போன்ற மாத்திரைகள் வேதனையைக் குறைக்கும். ஆனால் தலைசுற்றல் வந்து விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நோய் உள்ளவர்களின் பெற்றோரிலும் உடன்பிறந்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது இருப்பதாக ஜப்பானிய ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் அண்ணன் தம்பிகளுக்குக் கழுத்து இறுக்கமோ கை மதமதப்போ இருந்தால் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கட்டும். தொந்தரவு எதுவும் இல்லாத இளவயதுப் பிள்ளைகளுக்கு இப்போது எதுவும் எடுக்கத் தேவையில்லை. அவர்களின் எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும், அது போதும்.

இந்த வாரத்துக்குள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எலும்பு அல்லது நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் சி.டி. படங்களைக் காட்டுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ. செலவைப் பற்றி அங்கேயே கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். மேல்சிகிச்சைக்கு சேலத்துக்கோ சென்னைக்கோ அனுப்பினால் தயங்காமல் போங்கள். இடையில் நடை தள்ளாடினாலோ, கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவத் தொடங்கினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ வாரக் கணக்கைப் பார்க்காதீர்கள். கழுத்தை அசைக்காமல் படுத்தபடி, 108-ஐ அழைத்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.